வி-1 மல்பெரி: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்று வாங்க வருபவர்கள், பட்டுக்கூடு அங்காடியில் எடைக்குக் காத்திருப்பவர்கள், தக்காளியில் அடிபட்டு வேறு பயிர் தேடுபவர்கள் என்று பலரும், பட்டுப்புழுவுக்கு இலை தரும் வி-1 மல்பெரி பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. ஒன்றிலிருந்து படித்தால் பின்னால் வருபவை எளிதில் புரியும்.

1. வி-ஒன், வி-ஒன்னு சொல்றாங்களே, அது நம்ம ஊரு பட்டுப்பூச்சிச் செடிதானா, வேற செடியா?

அதே மல்பெரிதான். தமிழில் முசுக்கொட்டை என்பார்கள். பாலக்கோடு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பட்டுப்பூச்சிச் செடி என்றாலே இதுதான். மல்பெரியில் பல ரகங்கள் உண்டு. அவற்றில் ஒன்று வி-1. முழுப்பெயர் விக்டரி-1.

இலையைப் பார்த்தாலே அடையாளம் தெரியும். உள்ளங்கையை விடப் பெரிதாக, ஓரத்தில் வெட்டு விழாமல், தடித்து, கரும்பச்சையாக, எண்ணெய் தடவினாற்போல மினுக்கும். பழைய கன்வா-2 ரகத்தின் இலை இதைவிட மெல்லியது, வெளிர் நிறம். பழைய தோட்டங்களில் இரண்டும் கலந்தே நிற்கும். குச்சி எடுக்கும்போது வெயிலில் நின்று இலையைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

2. இதை எங்க உருவாக்கினாங்க?

மைசூரில் உள்ள மத்திய பட்டு ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தில். எஸ்-30 என்ற ரகத்தையும் பெர் சி-776 என்ற ரகத்தையும் கலந்து உருவாக்கிய கலப்பினம் இது. 1997-இல் விவசாயிகளுக்கு வந்தது. 'பெர்' என்பது மேற்கு வங்கத்தின் பெர்ஹாம்பூரைக் குறிக்கும். மல்பெரி ஆராய்ச்சி நடக்கும் இன்னொரு ஊர் அது.

அதற்கு முன் தென்னிந்தியாவில் பாசனத் தோட்டம் என்றால் கன்வா-2தான். கர்நாடகத்தின் கன்வா பண்ணையில், மைசூர் நாட்டு ரகத்தின் விதை நாற்றுகளிலிருந்து பொறுக்கி எடுத்தது. எம்-5 என்பதும் அதுவே. நம் மாநிலத்துக்கும் இதில் பங்குண்டு: எம்.ஆர்-2 ரகம் குன்னூரில் தேர்ந்தெடுக்கப்பட்டது. நாட்டின் மல்பெரி ரகங்களையும் பட்டுப்புழு இனங்களையும் பாதுகாக்கும் மத்திய மரபுவளக் காப்பகம் நம் ஓசூரிலேயே இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மல்பெரி வகைகள் அங்கே உயிரோடு நிற்கின்றன.

3. ஹைபிரிட்னா மரபணு மாத்தினதா? புழுவுக்கு ஒத்துக்குமா?

மரபணு மாற்றம் இதில் எதுவும் இல்லை. ஒரு ரகத்தின் பெண் பூவில் இன்னொரு ரகத்தின் மகரந்தத்தைத் தூவி, விழுந்த விதையை முளைக்க வைத்து, வந்த நாற்றுகளில் இலை அதிகமாகவும் தரமாகவும் கொடுப்பதை ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பொறுக்குவதுதான் இந்தக் கலப்பு. வயலில் காற்றும் இதையே செய்கிறது. இங்கே எந்தத் தாய், எந்தத் தகப்பன் என்று மனிதர் முடிவு செய்தார்கள், அவ்வளவுதான்.

புழுவுக்கு நன்றாகவே ஒத்துக்கொள்ளும். நீங்கள் வளர்க்கும் புழுவும் கலப்பினம்தான் என்பதை மறக்க வேண்டாம். வெள்ளைக் கூடு கட்டும் பைவோல்டைன் (ஆண்டுக்கு இரண்டு தலைமுறை வரும் இனம்) இரட்டைக் கலப்பின முட்டைகள்தான் இப்போது நம் பகுதியில் அதிகம்.

4. தக்காளி ஹைபிரிட் மாதிரி ஒவ்வொரு தடவையும் விதை வாங்கணுமா? பழத்துல இருக்கிற விதையைப் போட்டா முளைக்காதா?

முளைக்கும். ஆனால் முளைப்பது வி-1 ஆக இருக்காது. கலப்பினத்தின் விதையில் தாய் தகப்பன் குணங்கள் மறுபடி கலைந்து விழும். நூறு நாற்று வந்தால் நூறும் நூறு விதம். ஒன்றுக்கு இலை சிறுக்கும், ஒன்றில் வெட்டு விழும், இன்னொன்று வேரே பிடிக்காது. ராயக்கோட்டைப் பக்கம் ஹைபிரிட் தக்காளியின் விதையை எடுத்துப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

தக்காளியில் இல்லாத வசதி மல்பெரியில் உண்டு. குச்சியை வெட்டி நட்டால் தாய்ச்செடி அப்படியே மறுபடி வரும். மைசூரில் தேர்ந்தெடுத்த அந்த ஒரே செடிதான் குச்சிக்குக் குச்சி பெருகி இன்று உங்கள் வயலில் நிற்கிறது. அதனால் ஒருமுறை நல்ல நாற்று வாங்கினால் போதும், பிறகு உங்கள் தோட்டமே தாய்த் தோட்டம். பட்டுப்புழு முட்டைக்கு இது பொருந்தாது. கலப்பினக் கூட்டிலிருந்து அந்துப்பூச்சியை வெளிவர விட்டு முட்டை எடுத்து வளர்த்தால் புழு சீராக வராது, முட்டை வழியாகப் பரவும் பெப்ரைன் நோயும் தொற்றலாம். முட்டையை ஒவ்வொரு முறையும் அரசு அல்லது அனுமதி பெற்ற வித்தகத்தில்தான் (முட்டை தயாரிக்கும் நிலையம்) வாங்க வேண்டும்.

5. பெர்ரின்னு பேர் இருக்கே, ஸ்ட்ராபெர்ரி மாதிரி பழத்துக்கு வளர்க்கலாமா?

பெயரில் பெர்ரி இருந்தாலும் தாவரவியல் கணக்கில் இது பெர்ரி அல்ல. பழத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சிறு மணியும் தனித்தனிப் பூவிலிருந்து வந்தது. பூவின் இதழ்ப்பகுதியே சதைபிடித்துச் சாறாகிறது. அப்படிப் பல பூக்கள் ஒரே காம்பில் நெருங்கிச் சேர்ந்த கூட்டுப்பழம் இது. நடுவில் பச்சைக் காம்பு ஓடுவதும் அதனால்தான்.

தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் வி-1 இலைக்காகத் தேர்ந்தெடுத்த ரகம். விற்பனைக்குப் பழம் வேண்டுமென்றால் இது முதல் தேர்வு அல்ல. கவாத்துக்குப் பின் வரும் புதுத்துளிரில் காய் பிடித்து, தண்டு அறுப்பதற்குள் பழுத்து உதிர்ந்துவிடும். வீட்டுக்குப் பழம் வேண்டுமென்றால் வரப்போரம் நாலைந்து செடிகளைக் கவாத்து செய்யாமல் மரமாக விடுங்கள். அந்தச் செடிகளுக்கு மருந்து அடிக்கக் கூடாது. பழத்தை என்ன செய்யலாம் என்பது 17-ஆம் கேள்வியில் வருகிறது.

6. எங்க கிணத்துல தண்ணி கம்மி. மானாவாரியா வி-1 போடலாமா?

வேண்டாம். வி-1 தண்ணீரும் உரமும் கொடுத்தால் அள்ளிக் கொடுக்கும், கொடுக்காவிட்டால் சாதாரண ரகத்துக்கும் கீழே போகும். மானாவாரிக்கு எஸ்-13 செம்மண்ணிலும், எஸ்-34 கரிசலிலும் நிற்கும். எம்.ஆர்-2 நம் பகுதியில் பழகிய ரகம். அரூர், பென்னாகரம் மேட்டு நிலங்களில் தண்ணீர் இல்லாமல் வி-1 நட்டுவிட்டு, ஏப்ரலில் விரல் நீள இலையோடு நிற்கும் தோட்டங்களைப் பார்க்கலாம். ரகத்தில் குறையில்லை, அதை நட்ட இடம்தான் தவறு.

தண்ணீர் ஓரளவு இருக்கிறது, கோடையில் மட்டும் இழுக்கிறது என்றால் இரண்டு வழி. ஒன்று சொட்டுநீர். இன்னொன்று மர மல்பெரி: எட்டடிக்கு எட்டடி இடைவெளியில் ஏக்கருக்கு 680 செடி நட்டு, நாலடி உயரத்துக்கு ஒரே தண்டாக ஏற்றி, அதற்கு மேல் கிளை விடுவது. வேர் ஆழமாகப் போவதால் வறட்சியைத் தாங்கும். வாய்க்கால் பாசனமென்றால் மண்ணைப் பொறுத்து ஏழு முதல் பத்து நாளுக்கு ஒரு தண்ணீர் வேண்டும். கோடையிலும் அதைக் கொடுக்க முடியுமா என்று கிணற்றைப் பார்த்துவிட்டு நிலத்தின் அளவை முடிவு செய்யுங்கள். ஒரு ஏக்கரை அரைகுறையாக வைப்பதைவிட அரை ஏக்கரைச் செழிப்பாக வைத்தால் கூடு அதிகம் வரும்.

7. குச்சியை நேரா வயல்ல நடலாமா, நாத்து விட்டு நடணுமா?

நாற்றாக நடுவதே நல்லது. நேராக நடும் குச்சியில் கால்வாசி போய்விட்டாலும் அந்த இடம் ஆண்டுக்கணக்கில் காலியாகவே நிற்கும். பெரிய செடிகளின் நிழலில் பிறகு நட்ட நாற்று எழுந்து வராது.

குச்சி எடுக்கும் செடிக்கு ஆறு முதல் எட்டு மாத முற்றல் வேண்டும். நுனிப் பச்சையையும் அடிக்கட்டையையும் தள்ளிவிட்டு, நடுப்பகுதியில் பென்சில் பருமனுள்ள தண்டை மூன்று அல்லது நான்கு பரு இருக்கும்படி ஆறு முதல் எட்டு அங்குலமாக வெட்டுங்கள். கூரான கத்தியால் ஒரே வெட்டு. பட்டை உரிந்தால் அந்த இடத்தில் அழுகும். கீழ்முனைச் சாய்வு வெட்டு, மேல்முனை நேர் வெட்டு என்று வைத்துக்கொண்டால் தலைகீழாக நடும் தவறு வராது. கூலியாட்கள் அவசரத்தில் செய்யும் முதல் தவறு இதுதான்.

மேட்டுப்பாத்தியில் வரிசைக்கு வரிசை ஆறு அங்குலம், குச்சிக்குக் குச்சி மூன்று அங்குலம் விட்டு, சற்றே சாய்த்து, ஒரு பரு மட்டும் மண்ணுக்கு மேல் தெரியும்படி ஊன்றுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் துளிர் தெரியும். துளிர் வந்ததும் வேர் வந்துவிட்டதாக நினைத்துத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். அது குச்சியில் இருக்கும் சேமிப்பில் வரும் துளிர், வேர் பிறகுதான் இறங்கும். மூன்று நான்கு மாதத்தில் நாற்று தயார்.

8. ஏக்கருக்கு எத்தனை நாத்து? மூணுக்கு மூணா, இரட்டை வரிசையா?

மூன்றடிக்கு மூன்றடி என்றால் 4,840 செடி. இரட்டை வரிசையில், இரண்டு வரிசைக்கு நடுவே மூன்றடி, அடுத்த ஜோடிக்கு ஐந்தடி, செடிக்குச் செடி இரண்டடி என்றால் 5,445 செடி. பட்டுப்போகும் செடிகளுக்கு ஈடாக நூற்றுக்கு ஐந்து கூடுதலாக வாங்குங்கள்.

களை எடுக்க ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் இரட்டை வரிசைதான் சரி. ஐந்தடிச் சந்தில் பவர் டில்லர் ஓடும், அறுத்த தண்டைக் கட்டித் தூக்கி வரவும் வழி இருக்கும். நடுவதற்கு முன் ஒன்று முதல் ஒன்றரை அடி ஆழத்துக்கு உழுது, ஏக்கருக்கு 8 டன் மக்கிய தொழுவுரம் போட்டுவிடுங்கள். பதினைந்து ஆண்டு நிற்கப்போகும் செடி. பிறகு ஆழமாக உழ வாய்ப்பே வராது.

9. உரம் எவ்வளவு? கடைக்காரர் ஒண்ணு சொல்றார், பக்கத்துத் தோட்டக்காரர் வேற சொல்றார்.

வி-1 பாசனத் தோட்டத்துக்கு ஆண்டுக்கு ஹெக்டேருக்குத் தழைச்சத்து 350, மணிச்சத்து 140, சாம்பல்சத்து 140 கிலோ என்பது பரிந்துரை. ஏக்கர் கணக்கில் 140, 56, 56. ஆண்டுக்கு ஐந்து அறுவடை என்று வைத்து ஐந்தாகப் பிரித்தால், ஒவ்வொரு முறையும் ஏக்கருக்கு யூரியா 61 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 70 கிலோ, பொட்டாஷ் 19 கிலோ வரும். மண் பரிசோதனை அட்டை இருந்தால் அதன்படி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

போடும் நேரம் முக்கியம். அறுத்த மறுநாளே போட்டால் உறிஞ்ச இலை இல்லை, தண்ணீரோடு போய்விடும். துளிர் விட்டு, அறுத்ததிலிருந்து 20 முதல் 25 நாளில், களை எடுத்த ஈரத்தில் போட்டு மண்ணை அணையுங்கள். இதோடு ஆண்டுக்கு 8 டன் தொழுவுரத்தை இரண்டு தவணையாகக் கொடுக்க வேண்டும். யூரியா மட்டும் போட்டு ஓட்டும் தோட்டம் நாலைந்து ஆண்டில் இளைத்துவிடும். ஒவ்வொரு அறுவடையிலும் நிலத்திலிருந்து டன் கணக்கில் இலை போகிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

10. எப்போ வெட்டணும், எவ்வளவு உயரத்துல வெட்டணும்?

முதல் அறுவடை நட்ட ஐந்தாறு மாதத்துக்குப் பிறகுதான். அவசரப்பட்டு மூன்றாம் மாதம் வெட்டினால் அடித்தண்டு பருக்காது. பிறகு 60 முதல் 70 நாளுக்கு ஒருமுறை தண்டோடு அறுக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை தரையிலிருந்து அரையடி விட்டு அடிக்கவாத்து, மற்ற நேரங்களில் ஓரடி விட்டு வெட்டு. அரிவாளால் இழுத்துப் பிளந்த கட்டையில் பூசணம் ஏறும். கவாத்துக் கத்தரி அல்லது கூரிய அரிவாளில் ஒரே வீச்சு.

தோட்டத்தை இரண்டாகப் பிரித்து 30, 35 நாள் இடைவெளியில் மாற்றி மாற்றி வெட்டினால் மாதம் ஒரு பேட்ச் புழு வளர்க்கலாம். விலை ஏறி இறங்கும் இந்தத் தொழிலில் பணம் பல தேதிகளில் பிரிந்து வருவது நல்லது.

11. ஒரு ஏக்கருக்கு எத்தனை முட்டை எடுக்கலாம்?

நூறு முட்டைத் தொகுதிக்கு, அதாவது நூறு பூச்சிகள் இட்ட முட்டைக்கு, இலை மட்டும் 1,000 முதல் 1,200 கிலோ வேண்டும். மேலே சொன்னபடி வைத்திருக்கும் ஒரு ஏக்கர் முழுவதும் ஒரே அறுவடைக்கு நான்கு டன் அளவுக்குத் தரும். கணக்குப்படி 300-க்கு மேல் தாங்கும். ஆனாலும் முதல் ஆண்டு 250-ஐத் தாண்ட வேண்டாம். தோட்டத்தை 10-இல் சொன்னபடி இரண்டாகப் பிரித்தால் பேட்சுக்கு அதில் பாதி.

காரணம் இருக்கிறது. புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் கடைசியான ஐந்தாம் பருவத்தின் ஏழெட்டு நாளில் தின்கிறது. முதல் பதினைந்து நாள் "இலை நிறைய மிச்சம்" என்று தோன்றும், கடைசி மூன்று நாளில் தோட்டம் தீர்ந்துவிடும். அப்போது வெளியில் இலை தேடி அலைந்தால் பழைய, வாடிய, எங்கே மருந்தடித்தது என்று தெரியாத இலைதான் கிடைக்கும். அந்த மூன்று நாள் பட்டினியில் கூட்டின் எடை விழும், தருமபுரி அங்காடியில் விலையும் விழும்.

12. இலை பளபளன்னு பெருசா இருக்கு, ஆனா கடைசிப் பருவத்துல புழு பாலொழுகிச் சாகுது. இலைதான் காரணமா?

உடல் வீங்கி, தோல் கிழிந்து பால் போல ஒழுகினால் அது பால்நோய். வைரஸ் கிருமி, வளர்ப்பு மனையின் சுத்தக்குறைவால் வருவது. இலை நேரடிக் காரணம் அல்ல. ஆனால் நோய் பிடிக்கும் அளவுக்குப் புழுவைப் பலவீனப்படுத்துவதில் இலைக்குப் பங்கு உண்டு. யூரியா மிஞ்சிய இலை பார்க்கப் பெரிதாக இருக்கும், கையில் கசக்கினால் தண்ணீராகப் பிசுபிசுக்கும். அதைத் தின்ற புழுவுக்குக் கழிச்சல் வரும், தட்டு ஈரமாகும், கிருமி பரவும். 9-ஆம் பதிலில் பொட்டாஷைச் சேர்த்தே சொன்னது இதற்காகத்தான்.

மூன்றைக் கவனியுங்கள். மழையில் நனைந்த தண்டை உதறி, நிழலில் காயவிட்டுப் போடுங்கள். காலை பத்துக்கு மேல் வெயிலில் அறுக்க வேண்டாம். அறுத்ததைக் குவிக்காமல் நிறுத்தி வைத்து ஈரச்சாக்கு மூடுங்கள், குவித்தால் நடுவில் கையை விட்டுப் பாருங்கள், சூடேறியிருக்கும். மனையில் 24, 25 செல்சியஸ் வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருக்கட்டும். ஓசூர், தளிப் பக்கம் இது தானாகவே கிடைக்கும். தருமபுரிச் சமவெளியில் ஏப்ரல், மே மாதங்களில் கூரை மேல் தென்னங்கீற்றும், சன்னலில் ஈரச்சாக்கும் இல்லாமல் நடக்காது.

13. நுனி சுருண்டு முறுக்கிக்குது, உள்ள வெள்ளையா மாவு மாதிரி இருக்கு. என்ன அடிக்கலாம்?

இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. டுக்ரா என்பார்கள். அடிப்பதற்கு முன் ஒடியுங்கள். சுருண்ட நுனியைக் கிள்ளிப் பையில் போட்டு எரிப்பதுதான் முதல் மருந்து. கிள்ளிய நுனியை வரப்பில் போட்டால் எறும்பு அதை அடுத்த செடிக்கு ஏற்றிவிடும். கிரிப்டோலேமஸ் பொறிவண்டு ஏக்கருக்கு 250 வீதம் விட்டால் நன்றாகத் தின்னும். அதன் குஞ்சும் வெள்ளை இழை போர்த்திப் பெரிய மாவுப்பூச்சி போலவே இருக்கும். வேகமாக ஓடினால் அது நம்முடையது, நசுக்கிவிடாதீர்கள்.

இலையடியிலும் தண்டிலும் பஞ்சு போல அப்பியிருப்பது பப்பாளி மாவுப்பூச்சி. தமிழ்நாட்டு மல்பெரியை அது சீரழித்தபோது, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் என்ற நுண்குளவியைப் பெங்களூரு ஆய்வு மையம் வரவழைத்து வயல்களில் விட்டது. பிறகுதான் அது அடங்கியது. அந்தக் குளவி இன்னும் நம் வயல்களில் இருக்கிறது. பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான்.

14. புழு பழுக்கிற நேரம் தாண்டியும் தின்னுக்கிட்டே இருக்கு, பெருத்துப் போகுது, கூடு கட்டவே மாட்டேங்குது. என்ன நோய்?

பெரும்பாலும் இது நோயே அல்ல, மருந்து. பைரிப்ராக்சிஃபென் போன்ற பூச்சி வளர்ச்சித் தடுப்பு மருந்து இலையில் பட்டிருக்கும். புழுவைப் புழுவாகவே வைத்திருக்கும் ஹார்மோனைப் போல வேலை செய்யும் மருந்து அது. மிகச் சிறு அளவே போதும். புழு உடனே சாகாது, பத்து நாளாகியும் பழுக்காது, அதாவது கூடு கட்டத் தயாராகாது. கூடு கட்ட விடும் தட்டியான நெட்ரிகாவில் ஏற்றினாலும் சுற்றிச் சுற்றி வந்து கீழே விழும். அந்த நிலைக்கு வந்த பேட்சுக்கு மாற்று மருந்து இல்லை.

கிருஷ்ணகிரியில் மாந்தோப்பு, தக்காளி, ரோஜா, மல்பெரி எல்லாம் ஒரே வரப்பில் நிற்கின்றன. மா பூக்கும் தை, மாசியில் கவனம் வேண்டும். பக்கத்து நிலத்துக்காரரிடம் முன்கூட்டியே பேசி, எந்த மருந்து, எந்த நாள் என்று தெரிந்துகொள்ளுங்கள். வரப்போரம் நெருக்கமாக அகத்தியோ சவுக்கோ வையுங்கள். சந்தேகமுள்ள ஓர வரிசைகளின் இலையை ஆட்டுக்கும் போடாமல் ஒதுக்குங்கள். மொத்தத் தோட்டத்தையும் சந்தேகித்தால் நூறு புழுவைத் தனித்தட்டில் வைத்து அந்த இலையை மட்டும் கொடுத்துப் பாருங்கள். சாதாரண மருந்தின் நஞ்சு ஒன்றிரண்டு நாளில் தெரிந்துவிடும். இந்த வகை மருந்தைப் பழுக்கும் பருவம் வரை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். புகையிலை வயலுக்குப் பக்கத்தில் மல்பெரியே நடக் கூடாது, நிகோடின் இலைக்கு ஏறும்.

15. இளம் இலை மஞ்சளாகுது, நரம்பு மட்டும் பச்சையா இருக்கு. யூரியா பத்தலையா?

யூரியா பற்றாவிட்டால் அடியிலைதான் முதலில் மஞ்சளாகும். நுனியிலை மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மண்ணிலும் காரத்தன்மையுள்ள மண்ணிலும் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்து, அதில் கால் பங்கு எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) சேர்த்து, மாலையில் தெளியுங்கள். தெளித்த இலையை நல்ல தண்ணீர் அடித்துக் கழுவாமல் புழுவுக்குப் போடாதீர்கள். அறுவடைக்கு முன் மூன்று வாரம் இருக்கும்போதே தெளித்துவிடுவது நல்லது. மண்ணின் காரம் குறையத் தொழுவுரமும், மண் பரிசோதனை சொன்னால் ஜிப்சமும் வேண்டும். தெளிப்பு அந்த அறுவடைக்கு மட்டும்தான்.

16. நல்லா இருந்த செடி திடீர்னு வாடி நிக்குது. இழுத்தா கையோட வந்துடுது.

வேரழுகல். வேர்ப்பட்டை கறுத்து உரிந்து வரும். அந்தச் செடியை வேரோடு எடுத்து எரித்து, குழியை வெயில் படத் திறந்து வையுங்கள். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூசணம் ஒரு கிலோவை 50 கிலோ மக்கிய எருவில் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் ஒரு வாரம் மூடி வைத்து, குழிக்கும் சுற்றியுள்ள செடிகளுக்கும் அரைக்கிலோ வீதம் போடுங்கள். தண்ணீரை அந்தப் பாத்தியிலிருந்து அடுத்ததற்குப் பாய விடாதீர்கள்.

வேர் அழுகாமல், மணி மணியாக முடிச்சு இருந்தால் அது நூற்புழு. செடி சாகாது, இளைத்துக்கொண்டே போகும். தக்காளி, கத்தரி போட்ட நிலத்தில் இது ஏற்கெனவே இருக்கும். அங்கே மல்பெரி நடுவதற்கு முன் ஒரு பருவம் செண்டுமல்லி போட்டு உழுதுவிட்டால் பாதித் தொல்லை குறையும். பிறகு வேப்பம் புண்ணாக்கு.

17. பழத்துல ஜாம் போட்டேன், இறுகவே இல்லை. எங்க தப்பு?

நன்றாகப் பழுத்து கறுத்த பழத்தில் ஜாமை இறுக்கும் பெக்டின் குறைவு. நான்கில் ஒரு பங்கு சிவப்பாக இருக்கும் அரைப்பழம் சேருங்கள். ஒரு கிலோ பழத்துக்குச் சர்க்கரை 750 கிராம், எலுமிச்சை இரண்டு. பச்சைக் காம்பைக் கத்தரியால் நறுக்கிவிட்டு, பழத்தை மட்டும் பத்து நிமிடம் வேகவைத்து மசித்து, பிறகே சர்க்கரை, கடைசியில் எலுமிச்சைச் சாறு. சர்க்கரையை முதலிலேயே போட்டால் பழம் வேகாது, நார் நாராக நிற்கும்.

தெர்மாமீட்டர் வைத்து 105 செல்சியஸ் வரும்வரை காய்ச்சச் சொல்வது கடல்மட்டக் கணக்கு. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். அங்கே தண்ணீரே 97-இல் கொதிக்கும். 101, 102-இல் இறக்கிவிடுங்கள், 105 வரை போனால் மிட்டாயாகிவிடும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் நகர்த்துங்கள், மேலே சுருக்கம் விழுந்தால் பதம். கையில் கறை பட்டால் முதலில் எலுமிச்சை தேயுங்கள். சோப்பு முதலில் பட்டால் சிவப்பு நீலமாகிப் பிடித்துக்கொள்ளும். பழம் பறித்த அன்றோ மறுநாளோ தீர்த்துவிட வேண்டும், அதற்கு மேல் புளிக்கும்.

18. மல்பெரி இலை டீ சர்க்கரைக்கு நல்லதாமே?

இலையில் டீஆக்சிநோஜிரிமைசின் என்ற பொருள் இருக்கிறது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியை அது குடலில் தடுப்பதால், சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். ஆனால் இது மாத்திரைக்கு மாற்று அல்ல. மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழவும் கூடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டே குடியுங்கள். உரமும் தெளிப்பும் கண்ட இலைத்தோட்டத்துத் தழை இதற்கு ஆகாது. 5-இல் சொன்ன வரப்போர மரத்தின் இளந்தழையைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.

19. புழு தின்ன மிச்சத்தை ஆடு மாட்டுக்குப் போடலாமா?

தோட்டத்தில் மிஞ்சிய பச்சைத் தழை என்றால் தாராளமாக. புரதம் அதிகமுள்ள தீவனம், ஆடு விரும்பித் தின்னும். பழக்கமில்லாத ஆட்டுக்கு ஒரேயடியாகப் போடாமல் மற்ற தழையோடு கலந்து கொடுங்கள். புழுத்தட்டில் கிடந்த மிச்சம் வேறு: அதில் சுண்ணாம்பும் படுக்கைக் கிருமிநாசினியும் தூவியிருப்போம், செத்த புழுவும் இருக்கும். அது குப்பைக்குழிக்குத்தான். தொழுவுரத்தோடு அடுக்கி மூடி மக்க வைத்தால் நல்ல உரம். மக்காமல் அப்படியே தோட்டத்தில் போட்டால் நோய்க்கிருமி இலை வழியாக மனைக்கே திரும்பி வரும். தின்ற தண்டு காய்ந்தால் அடுப்புக்கு.

20. இப்போ ஜி-4 வந்துடுச்சுன்னு சொல்றாங்க. பத்து வருஷத்து வி-1 தோட்டத்தைப் பிடுங்கிட்டு அதை நடலாமா?

ஜி-4 அதே மைசூர் நிறுவனத்தின் பிற்காலக் கலப்பினம். இலை கூடுதலாகத் தரும் நல்ல ரகம். புதிதாக நடுபவர்கள் தாராளமாக யோசிக்கலாம். ஆனால் நிற்கும் தோட்டத்தைப் பிடுங்குவதற்கு முன் ஒரு காலைப்பொழுது ஒதுக்கிச் செடிகளை எண்ணுங்கள். 5,445 இருக்க வேண்டிய இடத்தில் நாலாயிரம்தான் நிற்கிறது என்றால், குறைந்த இலைக்குக் காரணம் ரகம் அல்ல, காலியிடம். 7-இல் சொன்னதுபோல நடுவில் சிறு நாற்று எழுந்து வராது. அடிக்கவாத்து செய்த கையோடு, சுற்றியுள்ள செடிகள் தாழ்ந்திருக்கும்போது, ஒன்றரை அடிக் குழியில் எருவோடு ஆறு மாத நாற்றாகப் பார்த்து நடுங்கள்.

செடி எண்ணிக்கை சரியாக இருந்து, உரமும் தண்ணீரும் கொடுத்தும் இலை வரவில்லை என்றால் இரண்டு செடியைத் தோண்டி 16-இல் சொன்னபடி வேரைப் பாருங்கள். வேரில் முடிச்சு இருந்தால் ஜி-4 நட்டாலும் அதே மண்ணில்தான் நிற்கப்போகிறது, முதலில் மண்ணுக்கு மருத்துவம். வேரும் நன்றாக இருந்தால் கால் ஏக்கரில் மட்டும் ஜி-4 போட்டு, ஒரே உரம், ஒரே தண்ணீரில் மூன்று அறுவடையின் இலையை எடை போட்டுப் பாருங்கள். உங்கள் நிலத்துக்கு எது என்பது அந்த எடையில் தெரிந்துவிடும்.